வனேடியம்: காற்றைச் சேமிக்கும் உலோகமும் மன்னார்க் கரையும்

மன்னார்த் தீவின் தென்கரையோரமாக வரிசையாக நிற்கும் 30 காற்றாலைகளை இன்று அறியாதோர் இல்லை. இலங்கை மின்சார சபையினால், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அமைக்கப்பட்டு, 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலை மின்நிலையத்தின் மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற் ஆகும். மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை ஓயாது வீசும் சோளகக் காற்றே இந்நிலையத்தின் பெரும் மூலதனம். மார்கழி, தை மாதங்களின் வாடைக்காற்று அதற்கு அடுத்த நிலையில் உதவுகின்றது.

ஆனால் காற்று தன் விருப்பப்படி வீசுகின்றது. விளக்கோ நமது விருப்பப்படி எரிய வேண்டியுள்ளது. இலங்கையின் மின்தேவை மாலை ஆறரை மணிக்குப் பின்னரே உச்சத்தை அடைகின்றது. நள்ளிரவிலும் விடுமுறை நாட்களின் நண்பகலிலும் தேவை வீழ்ந்துவிடுகின்றது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் மின்சாரமற்றதாக்கியது. தேவை குறைந்து, சூரிய மின்சாரம் மிகுந்திருந்த வேளையில் மின்வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை. அதே ஆண்டின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறு பாவனையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். கிடைக்கும் மின்சாரத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, அன்று மாலையே எரிபொருள் எரித்து மின்சாரம் பெறும் நிலை ஒரு வறிய நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா? 2030 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 70 வீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்ற தேசிய இலக்கு, மின்சாரத்தைச் சேமிக்கும் வழி இன்றி நிறைவேறப் போவதில்லை.

அத்தகைய சேமிப்புக்கு உலகம் நாடும் பொருள்களில் ஒன்று வனேடியம் என்னும் உலோகம். மன்னாருக்கு இவ்வுலோகம் இரு வகையில் தொடர்புடையது. ஒன்று காற்று, மற்றையது மணல். இவ்விரண்டையும் பற்றி அத்தீவில் பெரும் வாதம் நடைபெற்றுவரும் இக்காலத்தில், அவ்வுலோகத்தின் இயல்பையும் பயனையும் அறிந்துவைத்திருப்பது நன்று.

இருமுறை கண்டறியப்பட்ட மூலகம்

1801 ஆம் ஆண்டு மெக்சிக்கோ நாட்டில், ஆந்திரேஸ் மனுவேல் டெல் ரியோ என்ற கனிமவியலாளர் ஓர் ஈயத் தாதினுள் புதிய மூலகம் ஒன்று இருப்பதைக் கண்டார். அதன் உப்புக்கள் பல நிறங்கள் காட்டியமையாலும், சூடாக்கியபோது சிவந்தமையாலும் அதற்கேற்ற பெயர்களையும் சூட்டினார். ஆனால் பிரெஞ்சு வேதியியலாளர் ஒருவர் அது குரோமியமே என்று தவறாகத் தீர்ப்பளிக்க, டெல் ரியோவும் தமது உரிமையைக் கைவிட்டார். 1830 இல் சுவீடன் நாட்டு இரும்புத் தாதிலிருந்து நில்ஸ் கப்ரியேல் செவ்ஸ்ட்றோம் அதே மூலகத்தை மீண்டும் கண்டறிந்தார். வடபுல ஐரோப்பியப் புராணத்தில் அழகின் தெய்வமாகக் கூறப்படும் வனாடிஸின் பெயரால் அது வனேடியம் எனப் பெயர் பெற்றது. டெல் ரியோ கண்டதும் இதுவே என்பது மறு ஆண்டில் உறுதியாயிற்று. தூய உலோகத்தைப் பிரித்தெடுக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1867 இல் இங்கிலாந்தின் ஹென்றி ரொஸ்கோ அதனைச் சாதித்தார்.

வனேடியத்தின் அணுவெண் 23. வெள்ளிச் சாம்பல் நிறமுடையது. 1,910 பாகை செல்சியஸில் உருகும். அடர்த்தி நீரைப்போல் ஆறு மடங்கு. அதாவது இரும்பைவிடப் பாரம் குறைந்தது. அரிப்பை நன்கு எதிர்க்கும். புவியோட்டில் செம்பைவிட மிகுதியாக உள்ளதெனினும், ஓரிடத்தில் செறிந்து கிடப்பது அரிது. டைட்டேனியம் கலந்த இரும்புத் தாதுகளோடும், சில வகைக் கனமான மசகு எண்ணெய்களோடும் கலந்தே கிடைக்கின்றது. ஆகவே பெரும்பாலும் உருக்குத் தயாரிப்பின் கழிவிலிருந்தே அது பிரித்தெடுக்கப்படுகின்றது. உலகின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ ஓர் இலட்சம் தொன். அதில் பெரும்பகுதி சீனாவினுடையது. ரஷ்யா, தென்னாபிரிக்கா, பிரேசில் ஆகியன அடுத்து வருவன.

இம்மூலகத்தின் தனிச்சிறப்பு, கரைசலில் நான்கு வேறு ஒட்சியேற்ற நிலைகளில் அது நிற்கக்கூடியது என்பதாகும். இரண்டாம் நிலையில் ஊதா, மூன்றாம் நிலையில் பச்சை, நான்காம் நிலையில் நீலம், ஐந்தாம் நிலையில் மஞ்சள் எனக் கரைசல் நிறம் மாறும். உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்தில் இந்நிறமாற்றத்தைக் கண்டோர் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் ஆற்றல் இந்நிறமாற்றத்தின் பின்னால்தான் மறைந்திருக்கின்றது.

உருக்கும் டமஸ்கஸ் வாளும்

உலகில் எடுக்கப்படும் வனேடியத்தில் நூற்றுக்கு 90 வீதமளவு உருக்குக்கே செல்கின்றது. உருக்கில் ஆயிரத்துக்கு ஒரு பங்களவு வனேடியத்தைச் சேர்த்தாலே அதன் வலிமை பெருகுகின்றது. உருக்கினுள் இருக்கும் காபனோடும் நைதரசனோடும் சேர்ந்து மிக நுண்ணிய மணிகளாக அது பரவி நிற்பதே இதற்குக் காரணம். கட்டடக் கம்பிகள், குறடு, திருகி முதலான கைக்கருவிகள், விற்சுருள்கள், அச்சாணிகள் என அதன் பயன் விரிகின்றது. 1908 இல் வெளிவந்த ஃபோர்ட் நிறுவனத்தின் 'மொடல் ரி' மோட்டார் வண்டி, வனேடிய உருக்கினால் பாரம் குறைந்தும் உறுதி கூடியும் இருந்தமை அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது.

ஆனால் மனிதன் வனேடியத்தின் பெயரை அறியுமுன்னரே அதன் பயனை அனுபவித்திருக்கின்றான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசைகளில் வார்க்கப்பட்ட உருக்கு, அரபு வணிகர் வழியே மேற்காசியாவை அடைந்து, அலையலையான வரிகளையுடைய டமஸ்கஸ் வாள்களாக உருப்பெற்றது. பக்தாதில் வாழ்ந்த ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்-கிந்தி, கலீபா முஃதஸிமுக்காக எழுதிய வாள்கள் பற்றிய நூலில், ஸரந்தீப் எனப்பட்ட இலங்கையின் உருக்கையும் குறிப்பிட்டுள்ளார். அந்த வாள்களின் வரிகள் எவ்வாறு உண்டாயின என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. அமெரிக்க உலோகவியலாளர் ஜோன் வேர்ஹோவனும் வாள் செய்யும் கொல்லரான அல்பிரட் பென்ட்ரேயும் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், தாதோடு இயல்பாகக் கலந்துவந்த வனேடியம் போன்ற மாசுகளே அவ்வரிகளுக்குக் காரணம் என விளக்கினர். ஓர் இலட்சம் பங்கில் ஒரு சில பங்கு வனேடியமே அதற்குப் போதுமானதாக இருந்தது. அத்தகைய தாது கிடைப்பது நின்றபோது அக்கலையும் மறைந்திருக்கலாம் என்பது அவர்களது கருத்து.

இங்கு இன்னொரு செய்தியும் நினைவுகூரத்தக்கது. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை, மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் அமைந்த உலைகள் துருத்தி இன்றித் தென்மேற்குப் பருவக்காற்றின் வலிமையாலேயே இரும்பை உருக்கின. தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் 1996 இல் இதனை உலகுக்கு அறிவித்தார். அதே நூற்றாண்டுகளில், மன்னாரின் மாதோட்டத் துறைமுகமான மாந்தை இந்துசமுத்திர வாணிபத்தின் பெருஞ் சந்தியாக விளங்கியது. 1980 களில் அங்கு நடந்த அகழ்வில் மேற்காசிய மட்பாண்டங்களும் சீனப் பீங்கான்களும் வெளிப்பட்டன. ஆக, காற்றை மூலதனமாகக் கொள்வது இந்நாட்டுக்குப் புதியதன்று. அக்காற்றைப் பிடித்துவைக்கும் வழிதான் அன்று இருக்கவில்லை.

பிற பயன்கள்

டைட்டேனியத்துடன் ஆறு வீத அலுமினியமும் நான்கு வீத வனேடியமும் சேர்ந்த கலப்புலோகம், விமான இயந்திரங்களிலும், முறிந்த எலும்புக்குப் பொருத்தும் தகடுகளிலும் பயன்படுகின்றது. வனேடியம் ஐயொட்சைட்டு சல்பூரிக் அமிலத் தொழிற்சாலைகளின் ஊக்கியாகும். உரம் முதல் மோட்டார் வண்டி மின்கலம் வரை அந்த அமிலத்தையே நம்பியுள்ளன. வனேடியம் ஈரொட்சைட்டு 68 பாகை செல்சியஸில் மின்காவலி நிலையிலிருந்து மின்கடத்தி நிலைக்குச் சட்டென மாறும் விந்தையுடையது. வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கண்ணாடிப் பூச்சுகளுக்கு அதனைப் பயன்படுத்த ஆய்வுகள் நடைபெறுகின்றன.

கடலிலும் வனேடியம் உண்டு. ஒரு லீற்றர் கடல்நீரில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கே இருக்கும். ஆயினும் பாறைகளிலும் சிப்பிகளிலும் ஒட்டிவாழும், தொட்டால் நீரைப் பீச்சும் பை போன்ற அசிடியன் என்னும் உயிரினங்களிற் சில, கடல்நீரில் உள்ளதைவிடப் பல இலட்சம் மடங்கு செறிவாக அதனைத் தம் குருதிக் கலங்களில் சேர்த்துவைக்கின்றன. 1911 இல் நேப்பிள்ஸ் நகரில் இது கண்டறியப்பட்டது. முத்துக்குப் புகழ்பெற்ற மன்னார் வளைகுடாவிலும் அசிடியன்கள் வாழ்கின்றன.

மின்சாரத்தைத் திரவத்தில் சேமித்தல்

வனேடியப் பாய்ம மின்கலத்தின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. இரு பெரிய தாங்கிகளில் சல்பூரிக் அமிலத்தில் கரைந்த வனேடியக் கரைசல் இருக்கும். இரு பம்பிகள் அக்கரைசல்களை ஒரு கல அடுக்கினூடாகச் சுழலவிடும். அடுக்கினுள் ஒரு மெல்லிய மென்சவ்வு இரு கரைசல்களையும் பிரித்து நிற்கும். மின்னேற்றும்போது ஒரு பக்கத்து வனேடியம் நான்காம் நிலையிலிருந்து ஐந்துக்கு ஏறும். மறு பக்கத்தது மூன்றாம் நிலையிலிருந்து இரண்டுக்கு இறங்கும். மின்சாரம் தேவைப்படும்போது இச்செயல் திரும்பி நடைபெறும். இரண்டாம் நிலை வனேடியம் இலத்திரனை விட்டுக்கொடுக்க, அது வெளிச் சுற்றினூடாக விளக்கை எரித்துவிட்டு ஐந்தாம் நிலை வனேடியத்தைச் சென்றடையும். ஒரு கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1.26 வோற்று. பல கலங்களை அடுக்கித் தேவையான அழுத்தம் பெறப்படும்.

1970 களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, இரும்பையும் குரோமியத்தையும் கொண்டு பாய்ம மின்கலம் அமைக்க முயன்றது. மென்சவ்வைக் கடந்து இரு உலோகங்களும் கலந்துவிடுவது அங்கு பெரும் தடையாயிற்று. இரு பக்கத்திலும் ஒரே உலோகத்தைப் பயன்படுத்தினால் கலப்பினால் நிரந்தரக் கேடில்லை என்ற வழியில் 1980 களில் வனேடிய மின்கலத்தை உருவாக்கியவர், கிரேக்கத்தில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த பேராசிரியை மரியா ஸ்கில்லாஸ்-கஸாகோஸ். சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரது குழுவினர் அதனை நிறைவேற்றினர்.

இதன் நன்மைகள் பல. சேமிப்பின் அளவைக் கூட்டத் தாங்கியைப் பெருப்பித்தால் போதும். வலுவைக் கூட்டக் கல அடுக்குகளைப் பெருக்கினால் போதும். கரைசல் நீர்மயமானது, ஆதலால் தீப்பற்றாது. பல்லாயிரம் தடவை ஏற்றி இறக்கினும் வனேடியம் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை. இருபது ஆண்டுகளின் பின்னரும் அதனை மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் 15 மெகாவாற், 60 மெகாவாற் மணி அளவான நிலையம் 2015 இல் இயங்கத் தொடங்கியது. சீனாவின் தாலியன் நகரில் 100 மெகாவாற், 400 மெகாவாற் மணி அளவான நிலையம் 2022 இல் மின்வலையமைப்புடன் இணைக்கப்பட்டது.

குறைகளையும் மறைத்தலாகாது. ஒரு லீற்றர் கரைசல் ஏறத்தாழ 25 வாற் மணி மின்சாரத்தையே தாங்கும். உட்செலுத்தும் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 முதல் 75 வீதமே பொதுவாகத் திரும்பப் பெறப்படும்; லித்தியம் மின்கலங்களில் இது 85 வீதத்துக்கு மேல். லித்தியத்தின் விலை அண்மை ஆண்டுகளில் பெருமளவு வீழ்ந்திருக்க, வனேடியத்தின் விலையோ நிலையற்றது. 2018 இன் இறுதியில் வானளாவ உயர்ந்து, ஓராண்டுக்குள் தரைமட்டமாகச் சரிந்தது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ மின்சாரத்தைச் சேமிக்க வேண்டிய இடங்களிலேயே வனேடியத்தின் அனுகூலம் மேலோங்குகின்றது.

மன்னாருக்கு எவ்வளவு தேவை?

ஒரு கணக்கைப் பார்ப்போம். தம்பபவனியின் 30 காற்றாலைகளும் ஒரு மணிநேரம் முழுவலுவுடன் சுழன்றால் 1,03,500 அலகு மின்சாரம் கிடைக்கும். அந்த ஒரு மணிநேர மின்சாரத்தை வனேடியக் கரைசலில் சேமிக்க ஏறத்தாழ 41 இலட்சம் லீற்றர் கரைசல் வேண்டும். அதில் கரைந்திருக்க வேண்டிய வனேடியம் ஓர் அலகுக்கு 5 கிலோ என்று கொண்டால் 500 தொன்னுக்குச் சற்று மேல். இது உலக ஆண்டு உற்பத்தியில் இருநூற்றில் ஒரு பங்கு. நான்கு மணிநேரச் சேமிப்புக்கு இத்தொகைகளை நான்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். செய்ய முடியாத காரியமன்று. சிறிய காரியமும் அன்று.

வெப்பம் இன்னொரு தடை. வழமையான கரைசல் 40 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால், ஐந்தாம் நிலை வனேடியம் திண்மமாகப் படிந்து குழாய்களை அடைத்துவிடும். மன்னாரின் வெயிலில் மூடிய கொள்கலனுக்குள் அவ்வெப்பநிலை எட்டக்கூடியதே. எனவே குளிரூட்டலோ, உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் கலப்பு அமிலக் கரைசலோ அவசியமாகும்.

அனைத்துக்கும் மேலாக நீர். மன்னார்த் தீவின் கிணறுகள், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரையே நம்பியுள்ளன. அமிலக் கரைசல் கசிந்து மணலில் இறங்கினால் அதனை மீட்பது கடினம். முழுக் கரைசலையும் தாங்கக்கூடிய இரண்டாம் தடுப்புத் தொட்டி இன்றி இத்தகைய நிலையம் அங்கு அமையக்கூடாது. வனேடியம் ஐயொட்சைட்டின் தூசு சுவாசப்பையை உறுத்துவதோடு, புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகவும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது.

மணலில் உள்ள வனேடியம்

மன்னார் மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய பாரக் கனிமங்கள் உள்ளன. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனமொன்று பல ஆண்டுகளாக அங்கு துளையிட்டு ஆராய்ந்துள்ளமை யாவரும் அறிந்ததே. அவ்வாறாயின் வனேடியமும் அங்கிருந்து வராதா என்று சிலர் கேட்கக்கூடும்.

இல்மனைட் இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதனுள் வனேடியம் இருப்பினும், பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கிலும் மிகக் குறைந்த மாசாகவே இருக்கும். வெண்பூச்சு நிறப்பொருள் செய்வோருக்கு அது வேண்டாத விருந்தாளி. வெண்மையைக் கெடுப்பது மட்டுமன்றி, அதன் குளோரைட்டு வடிவம் டைட்டேனியத்தின் குளோரைட்டு கொதிக்கும் வெப்பநிலைக்கு மிக அண்மையில் கொதிப்பதால் பிரிப்பதும் கடினம். அதனைப் பிரித்தெடுப்பதற்கு உருக்காலையும் இரசாயன ஆலையும் வேண்டும். கனிம மணலை அப்படியே கப்பலேற்றும் நாட்டுக்கு அதில் ஒரு சதமும் மிஞ்சாது. எனவே மணல் அகழ்வுக்கு வனேடியத்தை நியாயமாகக் காட்டுவது பொருந்தாது. கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்து நிற்கும் தீவில், தோண்டப்படும் ஒவ்வோர் அடியும் உவர்நீருக்கு வழிவிடும் என்ற மக்களின் அச்சமும் புறந்தள்ளத்தக்கதன்று.

கேட்கவேண்டிய கேள்விகள்

2025 ஓகஸ்ட் மாதத்தில் புதிய காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் நகரில் மக்கள் தொடர் போராட்டத்தில் இறங்கினர். அரசு பணிகளை ஒரு மாதம் இடைநிறுத்தியது. செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்புடன் காற்றாலைப் பாகங்கள் கொண்டுசெல்லப்பட்டபோது மோதல் ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து கடையடைப்பும் நடந்தது. மழைநீர் வழிந்தோடும் பாதைகள் தடைப்பட்டமை, மீன்பிடிக்கும் பறவைகளுக்கும் ஏற்படும் பாதிப்பு என்பன மக்களின் முறைப்பாடுகள். போரினால் இடம்பெயர்ந்து மீண்ட தமிழருக்கும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பல்லாண்டுகளின் பின் திரும்பிய முஸ்லிம்களுக்கும் நிலம் என்பது வெறும் சொத்தன்று. பேசாலையாயினும் எருக்கலம்பிட்டியாயினும் இவ்விடயத்தில் கவலை ஒன்றே.

சேமிப்பு நிலையம் இக்குறைகளைத் தீர்த்துவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அது வாதத்தை வேறொரு தளத்துக்குக் கொண்டுசெல்லும். காற்றாலைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதற்கு முன், இருக்கும் காற்றாலைகளின் மின்சாரம் எவ்வளவு வீணாகின்றது என்ற கணக்கு பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். வீணாவதைச் சேமித்தால் எத்தனை புதிய கோபுரங்கள் தேவையற்றுப் போகும் என்பதும் கூறப்பட வேண்டும். சேமிப்பு நிலையம் தீவுக்குள்தான் அமைய வேண்டுமா, பெருநிலப்பரப்பிலுள்ள உபமின்நிலையத்தின் அருகே அமைந்தால் ஆகாதா, லித்தியமா வனேடியமா, அன்றி மலைநாட்டில் திட்டமிடப்பட்டுள்ள மஹா ஓயா நீரேற்று மின்திட்டமே போதுமா என்பன தொழில்நுட்ப வல்லுநர்கள் மக்கள் முன்னிலையில் விடை கூறவேண்டிய கேள்விகள். சேமிக்கப்படும் மின்சாரத்தின் பயனில் ஒரு பங்கு, மீன் பதனிடும் பனிக்கட்டி ஆலைகளுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் மன்னாரிலேயே கிடைக்குமா என்பது அவற்றுள் முதன்மையானது.

வனேடியம் தரும் பாடம் எளிமையானது. மணலாக ஏற்றுமதியாகும் பொருள் ஒருமுறை விற்றால் தீர்ந்துபோகும். தாங்கியில் சுழலும் வனேடியமோ காற்று வீசும்தோறும் நிறைந்து, விளக்கெரியும்தோறும் இறங்கி, மீண்டும் நிறையும். மன்னாரின் செல்வம் எது என்று தீர்மானிப்போர் இந்த வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். அத்தீர்மானம் அத்தீவில் வாழும் மக்களைக் கேட்டே எடுக்கப்பட வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது.